ஐந்து நாள் பிரிக்கக் கூடாத கட்டு

தையல் போட மாட்டேன் என்று டாக்டர் சொன்ன நிமிடத்திலேயே எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல், தோல் கிழிந்து தபால் உறையின் மூடியைப் போல மேல்நோக்கிச் சுருண்டு கிடந்தது. உள்ளே சிவப்பும் வெளிர் மஞ்சளுமாக என்னவோ பளபளத்தது. இவ்வளவு பெரிய கிழிசலைத் தைக்காமல் எந்த டாக்டராவது விடுவாரா?

நான் கீழேகூட விழவில்லை. முத்தியால்பேட்டையில் மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு சரக்கு ஆட்டோ வந்ததால் ஓரமாக ஒதுங்கினேன். வெல்டிங் பட்டறை வாசலில் இரும்புக் கம்பிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் ஒன்று சற்று நீட்டிக்கொண்டிருந்தது. காலில் ஏதோ உரசியதைப் போல இருந்தது, அவ்வளவுதான். பத்தடி போன பிறகுதான் பேண்ட் கிழிந்திருப்பதைப் பார்த்தேன். அப்புறம் செருப்பு வழுக்கியது. குனிந்து பார்த்தால் ரத்தம். பட்டறைக்காரர்களே துண்டைச் சுற்றி, ஆட்டோ பிடித்து, மூலக்குளத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

"உங்க தோலு ரொம்ப மெல்லிசா இருக்கு சார். ஊசி போட்டா நூலு அறுத்துக்கிட்டு வந்துடும். பழைய எடத்துல வச்சு மூடிட்டா தானா ஒட்டிக்கும்" என்றார் டாக்டர். எனக்கு அறுபத்து மூன்று வயது. எட்டு வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறேன். அதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். காயத்தை உப்புத் தண்ணீரால் கழுவி, ஈரப் பஞ்சால் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பழைய இடத்தில் படுக்க வைத்தார். ரணஜன்னி வராமலிருக்க ஒரு டிடி ஊசி போட்டார். மிச்சத்தை நர்ஸ் பார்த்துக்கொள்வார் என்று போய்விட்டார்.

நர்ஸுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வில்லியனூரைத் தாண்டி ஏதோ கிராமத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிறவர். அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் கிழித்தார். உள்ளே தோல் நிறத்தில், மெத்தையைப் போல மெதுமெதுவென்று ஒரு சதுரம். பின்பக்கத் தாளை உரித்துக் காயத்தின் மேல் அதை ஒட்டினார். இழுத்துக் கட்டவில்லை. மருந்து ஒன்றும் தடவவில்லை. பிறகு பேனாவை எடுத்து அந்தச் சதுரத்தின் மேல் பாதத்தை நோக்கி ஓர் அம்புக்குறி போட்டார். அதன் ஓரத்தைச் சுற்றித் தோலிலும் அந்த ஒட்டுப் பட்டையிலும் படுகிற மாதிரி ஒரு கோடு இழுத்தார்.

"இத நான்தான் சார் எடுப்பேன். அவசரத்துக்கு வேற எங்கனா எடுக்கற மாதிரி ஆனா, இந்த அம்பு போற பக்கமாத்தான் உரிக்கணும். மேலேர்ந்து கீழ. மாத்தி உரிச்சீங்கன்னா தோலு கூடவே தூக்கிக்கும்" என்றார்.

"எப்ப மாத்துவீங்க?"

"அஞ்சு நாள் கழிச்சு வாங்க."

அந்த 'அஞ்சு நாள்' என்ற சொல்லிலேயே என் மனம் நின்றுவிட்டது. அம்புக்குறி பற்றிச் சொன்னது காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. தகவல் கேட்டு ஓடிவந்திருந்த என் மனைவி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். நர்சரி வகுப்பு டீச்சராக இருந்தவள். யார் எதைச் சொன்னாலும் முழுசாகக் கேட்டு முடிப்பாள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முப்பத்தோரு வருடம் நான் பார்த்த உத்தியோகம், கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது. தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம், உள்ளே குடைந்த எடைக்கல், அளவு நாழியின் அடியில் ஊற்றி வைத்த மெழுகு எல்லாவற்றையும் இந்தக் கையால் எடுத்திருக்கிறேன். நல்லவராகத் தெரிகிறவரின் தராசைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பேன். ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. பால் பாக்கெட்டைக் கையில் வாங்கியதும் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொடுப்பேன்.

காயத்தைப் பற்றியும் எனக்குத் தெரிந்தது உண்டு. சின்ன வயதில் கட்டை தினமும் பிரிப்பார்கள். துணி காயத்தோடு காய்ந்து ஒட்டியிருக்கும். கம்பவுண்டர் ஒரே இழுப்பில் பிய்த்து எடுப்பார். உயிர் போகும். அந்த வலிதான் வைத்தியம் நடக்கிறது என்பதற்கு அத்தாட்சி. இந்தப் புதுக் கட்டோ வலிக்கவே இல்லை. வலிக்காதது எனக்குப் பிடிக்கவில்லை.

மாடி வீட்டுக்காரர் வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார். அவர் பல வருடம் பிரான்ஸில் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தவர். காலைப் பார்க்க வந்தவர், கட்டைப் பார்த்ததும், "நல்ல பான்ஸ்மான்தான். கட்டுக்கு அங்க அப்டித்தான் பேரு. அங்கயும் இதத்தான் போடுவாங்க. எனக்குக் கால்ல அடிபட்டப்ப நர்ஸு தெனம் வூட்டுக்கே வந்து மாத்திட்டுப் போவா" என்றார்.

"தெனமுமா?"

"தெனமும்."

அவருக்கு என்ன காயம், எப்படிப்பட்டது என்று நான் கேட்கவில்லை. 'தினமும்' என்ற சொல் போதுமானதாக இருந்தது. அங்கே தினமும், இங்கே ஐந்து நாள். இந்த நர்ஸ் சோம்பேறி, அல்லது அவருக்கு ஆள் பற்றாக்குறை, அல்லது இந்தச் சதுரங்களை விற்கிற கம்பெனிக்காரன் ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறான். மூன்றில் எது என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நான்காவதாக ஒன்று இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

ஐந்தாம் நாள் போனோம். நர்ஸ் அந்தச் சதுரத்தை மேலிருந்து மெல்ல உருட்டி எடுத்தார். தோல் தன் இடத்தில் படுத்திருந்தது. ஓரம் சற்றுக் கருத்திருந்தாலும் மற்ற இடமெல்லாம் இளஞ்சிவப்பு. நர்ஸ் ஒரு காகித அளவுகோலை வைத்து அளந்து குறித்துக்கொண்டார். என் மனைவி, "நல்லா ஒட்டியிருக்குதுங்க" என்றாள். நான் காயத்தைப் பார்க்கவில்லை. நர்ஸ் கிழிக்கப் போகிற புதுப் பாக்கெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு நிமிஷம் சிஸ்டர், அதக் கொஞ்சம் குடுங்க."

வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். காலாவதி ஆகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதைச் சுட்டிக் காட்டினேன். நர்ஸின் முகம் சிவந்துவிட்டது. பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்த மொத்தப் பெட்டியையும் எடுத்துக் கீழே கொட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்து, பழையது மூன்றைத் தனியே எடுத்துப் போட்டார்.

"தப்புதான் சார். பின்னால இருந்தது முன்னால வந்துடுச்சு போல. நான் பாத்திருக்கணும்" என்றார். புதிதாக ஒன்றை எடுத்து, தேதியை என்னிடம் காட்டிவிட்டுப் பிரித்து ஒட்டி, முன்போலவே அம்பும் கோடும் போட்டார்.

அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. காயம் ஒட்டியிருந்ததற்கு வராத சந்தோஷம் அது. பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான் என்று ஆட்டோவில் மனைவியிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள், "ஒண்ணு சரியாப் போச்சுங்கறதுக்காக எல்லாமே சரியாயிடுமா?" என்றாள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த இரண்டாவது கட்டின் மூன்றாம் நாள் சதுரத்தின் நடுவில் காபிக் கறையைப் போல ஒரு வட்டம் தெரிந்தது. மறுநாள் அது பெரிதாகியிருந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். லேசாக ஒரு வாடை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன்.

"ஊறத்தான் சார் செய்யும். காயத்துல வர்ற தண்ணிய அது உள்ள இழுத்துக்குது. கறை ஓரத்தத் தாண்டி வெளியே கசிஞ்சாலோ, ஜுரம் வந்தாலோ, சுத்திலும் செவந்து வலிச்சாலோ உடனே வாங்க. இல்லன்னா நாளன்னைக்கு வாங்க, போதும்" என்றார் நர்ஸ்.

காலாவதிப் பாக்கெட்டை எடுத்தவர் சொல்வதை எப்படி நம்புவது? உள்ளே அழுகிக்கொண்டிருக்கிறது, மேலே மெத்தை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். சர்க்கரைக்காரன் கால். விரலை எடுத்தவர்கள், பாதத்தை எடுத்தவர்கள் எல்லோரும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். எனக்கு ஜுரம் இல்லை. காலைச் சுற்றிச் சிவக்கவும் இல்லை. அதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் நான் கண்ணுக்குத் தெரியாததைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மனைவி காலாப்பட்டில் தன் தங்கை வீட்டு வளைகாப்புக்குப் போனாள். "கால் மேல வச்சிக்கினு படுத்திருங்க. கட்டுல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். என்னை அவளுக்குத் தெரியும்.

பஸ் கிளம்பியிருக்கும் என்று கணக்குப் போட்ட பிறகு, கட்டிலில் உட்கார்ந்து வேட்டியை ஒதுக்கினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு. குனிந்தபோது கண்ணில் பட்டது சதுரத்தின் கீழ் முனைதான். அது ஏற்கெனவே சற்றுக் கிளம்பியிருந்தது. அதைப் பிடித்து மேல்நோக்கி உரித்தேன். அம்புக்குறி என் கண்ணுக்கு எதிரே இருந்தது. என் கை அதற்கு நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது.

பாதி வரை எளிதாக வந்தது. அப்புறம் ஓர் எரிச்சல். நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் இழுத்தேன். பட்டையோடு சேர்ந்து தோலின் கீழ்ப்பாதியும் எழுந்து வந்தது. அதன் அடியிலிருந்து புதுரத்தம் கோடு கோடாக இறங்கியது.

உள்ளே எதுவும் அழுகவில்லை. பத்து நாளாக ஒட்டிக்கொண்டு வந்ததை நான்தான் பிரித்துவிட்டேன். பார்த்த மாத்திரத்திலேயே அது எனக்குப் புரிந்துவிட்டது. அவசரமாகத் தோலை விரலால் தள்ளி ஒரு மாதிரி படுக்கவைத்து, அதே சதுரத்தை மறுபடி ஒட்டி, பிளாஸ்திரியைக் குறுக்கே நெடுக்கே போட்டு அழுத்தினேன். தரையில் விழுந்த சொட்டுகளை ஈரத்துணியால் துடைத்தேன். மாலையில் மனைவி வளையலும் கலந்த சாதமுமாக வந்தாள். என் காலைப் பார்த்தாள். பிளாஸ்திரியைப் பார்த்தாள்.

"ஓரம் கெளம்பிச்சு. அதான் ஒட்டினேன்" என்றேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிளாஸ்திரிகளை ஈரப்படுத்தி ஒவ்வொன்றாக எடுத்தார். தோலில் அவர் போட்டிருந்த பேனாக் கோடும் பட்டையில் இருந்த கோடும் ஒன்றையொன்று தொடவில்லை. ஒரு விரல் அகலத்துக்கு விலகியிருந்தது. சதுரத்தை எடுத்ததும் சுருங்கி மடிந்து கிடந்த தோலைப் பார்த்தார். நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தார்.

"யாருமா இதப் பிரிச்சது? அம்பு எதுக்குன்னு உங்ககிட்டதான சொல்லி அனுப்புனேன்? சார் குனிஞ்சு இத எடுத்திருக்க முடியாது. இப்டி செஞ்சு வச்சிருக்கீங்களே!"

பேசவேண்டிய இடம் அதுதான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில நொடி கழித்து மனைவியின் குரல் கேட்டது.

"இனிமே நடக்காதும்மா. நீங்க பாருங்க."

டாக்டர் வந்து பார்த்தார். மடிந்த பகுதிக்கு ரத்தம் போகவில்லை, இரண்டு நாள் பார்ப்போம் என்றார். இரண்டு நாளில் அது கருத்துவிட்டது. கருத்ததை வெட்டி எடுத்தார்கள். இப்போது தோலே இல்லாத ஒரு திறந்த காயம் முன்னெலும்பின் மேல் இருந்தது. அதற்கு வேறு மாதிரி கட்டுப் போட்டார் நர்ஸ். மெத்தை இல்லை, பழுப்பு நிறத்தில் ரப்பர் தகடு மாதிரி ஒன்று. காயத்தின் ஈரத்தோடு சேர்ந்து அது கூழாகிவிடும். நாலாம் நாள் எடுத்தால் மஞ்சள் கூழ் வழியும், பச்சைத் தோல் பதனிடுகிற இடத்து வாடை அடிக்கும். அளந்து பார்த்தால் காயம் முதலில் இருந்ததைவிட நாலு மில்லிமீட்டர் அகலமாக இருந்தது. இதை நானே என்னுடைய எஃகு அளவுகோலில் அளந்தேன். அது பொய் சொல்லாது.

நான் மறுபடி தொடங்கிவிட்டேன். கட்டைப் பிரித்த கோபத்தில் நர்ஸ் வேண்டுமென்றே மட்டமான கட்டைப் போடுகிறார் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். அரிவாள்மணையிலிருந்து நிமிராமலே பேசினாள்.

"அந்தப் பொண்ணு என்னைத் திட்டிச்சு. நான் இல்லன்னு சொல்லல. ஏன் தெரியுமா?"

"என்னைக் காப்பாத்தத்தான்."

"இல்லங்க. நீங்க சொல்லுவீங்களான்னு பாத்தேன். அடுத்த வாட்டி போனப்பவும் பாத்தேன். இன்னிக்கு வரைக்கும் பாத்துக்கினுதான் இருக்கேன்." ஒரு துண்டு சீவினாள். "ஊர்ல இருக்கற அத்தனை தராசையும் சந்தேகப்பட்டீங்க. உங்களை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்ல. அடுத்த வாட்டி நான் வரல. தனியாப் போய்ட்டு வாங்க."

தனியாகத்தான் போனேன். டிரெஸ்ஸிங் அறையில் படுக்கையில் கால் நீட்டிக்கொண்டதும், நர்ஸ் கையுறை போடுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"சிஸ்டர், அன்னிக்குப் பிரிச்சது நான்தான். வீட்டம்மா ஊர்லயே இல்ல. காலாப்பட்டு போயிருந்தாங்க."

அவர் கையுறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "பத்து நாளா அம்மாவத் தப்பா நெனச்சிட்டேனே" என்றார். பிறகு, "ஏன் சார் பிரிச்சீங்க?" என்று கேட்டார். திட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ள விரும்புகிற குரல்.

"அழுகுதோன்னு பயந்தேன். நீங்க எடுத்த பழைய பாக்கெட்டு வேற. நம்பிக்கை போயிடுச்சு."

"அது என் தப்பு. அதுக்கு நீங்க என்கிட்ட சண்டை போட்டிருக்கலாம். கால்கிட்ட போட்டுட்டீங்க." முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "இப்பவும் அழுகுதுன்னுதான நெனக்கிறீங்க?"

பொய் சொல்லவில்லை. ஆமாம் என்றேன்.

அவர் என்னை எழுப்பி முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து உட்கார வைத்தார். பழுப்புத் தகட்டை எடுத்தார். மஞ்சள் கூழ் வழிந்தது. வாடை வந்தது. "இப்ப மோந்து பாத்துப் பயப்படாதீங்க. இது கட்டும் காயத்துத் தண்ணியும் கலந்த கூழு. பாருங்க" என்று உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினார். கூழ் முழுக்க ஓடிப்போனது. பஞ்சால் சுற்றிலும் ஒற்றினார். "இப்ப மோந்து பாருங்க."

குனிந்து முகர்ந்தேன். உப்புத் தண்ணீர் வாடைதான். காயத்தின் தரை ஈரமாக, சிவப்பாக, சின்னச் சின்ன மணிகளாக எழும்பியிருந்தது. ஒரு மூலையில் மட்டும் வெளுப்பாக நூல் நூலாக இருந்தது.

"கழுவின பொறவும் நாறினாத்தான் நான் டாக்டரக் கூப்பிடணும். காயம் பெருசாச்சேன்னு அளந்து பாத்தீங்கல்ல? ஓரத்துல செத்தது ஒட்டிக்கினு இருந்துச்சு. அது கரைஞ்சு போனதால நெசமான அளவு இப்பதான் தெரியுது. இனிமே ஏறாது. ஏறினா நீங்களே வந்து என்னைக் கேளுங்க."

அப்போதும் முழுசாக நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். அவர் கட்டு மாற்றும்போதெல்லாம் நானும் அளந்தேன். அவருடைய காகித அளவுகோலுக்குப் பக்கத்தில் என் எஃகு அளவுகோலை, சானிடைசரில் துடைத்து, தோலைத் தொடாமல் பிடித்துக்கொண்டேன். அவர் மறுக்கவில்லை. ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரிப்பதற்கு முன்னால் என் முகத்துக்கு நேராகத் தேதியைக் காட்டினார். முதல் வாரம் அளவு மாறவில்லை. என் சந்தேகம் தலைதூக்கியது. அடுத்த வாரம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தது. ஒரு மில்லிமீட்டர் என்பது பிழையாகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த முறை மூன்று குறைந்தபோது சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஓரங்களிலிருந்து முத்து நிறத்தில் மெல்லிய தோல் உள்நோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. வீட்டில் சர்க்கரையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன். காலை உயர்த்தி வைத்துப் படுத்தேன். கட்டின் மேல் கை வைக்கவில்லை. கை வைக்கத் தோன்றிய நாட்களில் எழுந்துபோய் மனைவிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

காயம் மூட இரண்டரை மாதம் ஆயிற்று. நான் தொடாமல் இருந்திருந்தால் பாதி நாளில் முடிந்திருக்கும் என்றார் டாக்டர். மேல்பாதியில் இப்போது உற்றுப் பார்த்தால்தான் கோடு தெரியும். கீழ்ப்பாதி, நான் உரித்த பகுதி, பளபளப்பாக, சுருங்கி, நிறம் மாறிக் கிடக்கிறது. வெயில் பட்டால் அரிக்கும்.

கடைசி நாள் மனைவியும் கூட வந்தாள். நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிக்குங்கம்மா. கேக்காமலே உங்களைச் சொல்லிட்டேன்."

"பரவால்லம்மா. இவுரு ஒருத்தர வச்சிக்கினு நான் பழகினவதான்" என்றாள் மனைவி. இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் கோபமும் வரவில்லை.

தேங்காய் எண்ணெய் தடவலாம், இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார் நர்ஸ். வெளியே வந்ததும் மனைவி மெடிக்கல் ஷாப்பில் என்னவோ வாங்கப் போனாள். நான் நிழலில் நின்றேன். அவள் திரும்பி வந்து, அன்று வளைகாப்பில் தன் தங்கை என்னைப் பற்றி என்ன கேட்டாள் என்று சொல்லத் தொடங்கினாள். இரண்டு மாதத்துக்கு மேலாக அதைச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். நான் முழுசாகக் கேட்டுக்கொண்டே வர, கால் நொண்டாமல், வீடு வரை நடந்தே போனோம்.